மேடை ஏறிய பிறகுதான் ஓட்டு: வாக்குரிமை கேட்டுப் பெண்கள் பேசிய பேச்சுகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த நாட்டுப் பெண்களுக்கு எந்த ஆண்டு ஓட்டுரிமை கிடைத்தது என்ற பட்டியல் எங்கும் கிடைக்கும். அந்த உரிமையை வாங்க அவர்கள் என்ன பேசினார்கள், யார் முன்னால் பேசினார்கள், அந்த வாதங்களை எங்கிருந்து எடுத்தார்கள் என்பது அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

ஓட்டுரிமைப் போராட்டம் என்றால் ஊர்வலம், சிறை, சட்டம். இதில் பேச்சுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

ஓட்டு இல்லாதவர் ஓட்டுப் போட்டு ஓட்டுரிமை வாங்க முடியாது. பெண்களுக்கு வாக்குரிமை தந்த சட்டங்கள் ஏறக்குறைய எல்லாமே ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருந்த சபைகளில், ஆண்கள் கை தூக்கி நிறைவேற்றியவை. அந்தக் கைகளைத் தூக்க வைக்கப் பெண்களிடம் இருந்தது வாயும் பேனாவும்தான். சிறைக்குப் போனதும் ஊர்வலம் போனதும்கூட, பேச்சைக் காதில் வாங்காதவர்களைக் கேட்க வைப்பதற்காகத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. அன்றைக்குப் பல சமூகங்களில் பெண் பொது இடத்தில் பேசுவதே குற்றம்போல் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1791-ல், ஒலாம்ப் டி கூஜ் என்ற பெண் 'பெண்ணின் உரிமைகள் பிரகடனம்' ஒன்றை வெளியிட்டார். அதன் 10-ஆம் பிரிவு ஏறத்தாழ இப்படிச் சொல்கிறது: கொலைமேடை ஏறப் பெண்ணுக்கு உரிமை இருக்கிறது, அப்படியானால் பேச்சுமேடை ஏறவும் அவளுக்கு உரிமை இருந்தாக வேண்டும். 1793 நவம்பரில் அவரைக் கில்லட்டினில் ஏற்றிக் கொன்றார்கள். முதல் மேடையைக் கொடுத்துவிட்டார்கள். பிரெஞ்சுப் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது 1944-ல்.

பெண் மேடையில் பேசுவதில் அப்படி என்ன தடை இருந்தது?

சட்டம் போட்டுத் தடுத்தது குறைவு. மதமும் மானமும் தடுத்தது அதிகம். 'சபையில் பெண்கள் பேசாதிருக்கக்கடவர்கள்' என்ற பைபிள் வரியைக் காட்டி வாயை அடைத்தார்கள். பெண்கள் மட்டும் இருக்கும் கூட்டத்தில் பேசினால் பொறுத்துக்கொள்வார்கள். ஆணும் பெண்ணும் கலந்து உட்கார்ந்த கூட்டத்தில் பேசினால் அவள் நடத்தையைப் பற்றியே பேச ஆரம்பித்துவிடுவார்கள். 1832-ல் பாஸ்டனில் மரியா ஸ்டூவர்ட் என்ற கறுப்பினப் பெண் அப்படிக் கலந்த கூட்டத்தின் முன் அடிமைமுறைக்கு எதிராகப் பேசினார். அமெரிக்காவில் அதைச் செய்த முதல் சிலரில் ஒருவர் அவர். எதிர்ப்புத் தாங்காமல் அடுத்த ஆண்டே அந்த ஊரில் பேசுவதை நிறுத்தினார்.

பிறகு வந்தவர்கள் சாரா, ஏஞ்சலினா கிரிம்கே சகோதரிகள். தென் கரோலினாவில் அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து, அந்தக் கொடுமையைக் கண்ணால் பார்த்தவர்கள். 1837-ல் மாசசூசெட்ஸ் முழுக்க அவர்கள் பேசிப் போனபோது, பாதிரிமார்கள் சேர்ந்து ஒரு கண்டனக் கடிதம் எழுதினார்கள். கொழுகொம்பில் சாய்ந்து படர்வதுதான் கொடிக்கு அழகு. அது மரம்போலத் தானாக நிற்க நினைத்தால் காய்க்காமல் போவதோடு, மண்ணில் விழுந்து மானமும் கெடும் என்பது அதன் சாரம். இந்தக் கொடி உவமை நமக்கும் புதிதில்லை. பெண்ணைக் கொடி என்று வர்ணித்துப் பழகிய மொழி நம்முடையது. வர்ணனை எப்படி விலங்காகவும் மாறும் என்பதற்கு அந்தக் கடிதத்தைப் போல ஒரு சான்று கிடைப்பது அரிது.

ஏஞ்சலினா நிற்கவில்லை. 1838 பிப்ரவரியில் மாசசூசெட்ஸ் சட்டமன்றக் குழுவின் முன் பேசினார். அமெரிக்காவில் ஒரு சட்டமன்ற அமைப்பின் முன் பேசிய முதல் பெண் அவர்தான். அதே ஆண்டு மே 16 அன்று ஃபிலடெல்ஃபியாவில், புதிதாகக் கட்டிய பென்சில்வேனியா ஹாலில் பேசினார். வெளியே கும்பல் கல்லெறிந்து ஜன்னல் கண்ணாடிகளை உடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே அவர் அந்தச் சத்தத்தையே பேச்சுக்குள் இழுத்துக்கொண்டார்: இந்தக் கும்பல் என்ன பெரிய விஷயம், அடிமைகள் தினமும் தாங்குவதோடு ஒப்பிட்டால் இது எம்மாத்திரம் என்ற பொருளில் கேட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். மறுநாள் இரவு அந்தக் கட்டடத்தையே எரித்துவிட்டார்கள். திறந்து 4 நாள்கூட ஆகவில்லை.

ஓட்டுரிமைப் பேச்சு பிறந்த இடம் இதுதான். அடிமைமுறைக்கு எதிராகப் பேசப்போன பெண்கள், முதலில் பேசும் உரிமைக்காகப் பேச வேண்டி வந்தது.

1848 செனிகா ஃபால்ஸ் மாநாட்டை ஏன் எல்லோரும் சொல்கிறார்கள்?

1840-ல் லண்டனில் நடந்த உலக அடிமை ஒழிப்பு மாநாட்டில், அமெரிக்காவிலிருந்து போன பெண் பிரதிநிதிகளை அவையில் சேர்க்க மறுத்தார்கள். தள்ளி உட்கார்ந்து கேட்க மட்டும் விட்டார்கள். அங்கே பழகிய லுக்ரேஷியா மாட், எலிசபெத் கேடி ஸ்டான்டன் இருவரும் இன்னும் சிலரும் சேர்ந்து, 8 ஆண்டுகள் கழித்து நியூயார்க் மாநிலத்தின் செனிகா ஃபால்ஸ் என்ற சிற்றூரில் கூட்டிய மாநாடு அது. ஜூலை 19, 20 என்று இரண்டு நாள். வந்தவர்கள் ஏறக்குறைய 300 பேர்.

அந்த மாநாட்டுப் பிரகடனத்தை எழுதிய விதம்தான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. ஸ்டான்டன் புதிதாக எதையும் தேடவில்லை. 1776-ன் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை எடுத்தார். 'எல்லா மனிதர்களும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்' என்று சொல்ல 'ஆண்கள்' என்றும் பொருள்படும் சொல்லை அதில் போட்டிருந்தார்கள். அதை 'எல்லா ஆண்களும் பெண்களும்' என்று மாற்றினார். இங்கிலாந்து மன்னர் செய்த அநியாயங்களைப் பழைய பிரகடனம் வரிசையாகச் சொல்லும் இடத்தில், மன்னருக்குப் பதில் 'ஆண்' என்று வைத்தார். அவள் ஓட்டுரிமையை அவன் ஒருபோதும் அனுமதித்ததில்லை. அவள் குரல் இல்லாமல் செய்த சட்டங்களுக்கு அவளைக் கட்டுப்பட வைத்தான். திருமணமான பெண்ணைச் சட்டத்தின் பார்வையில் செத்தவளாக்கினான். அவள் சம்பாதித்த கூலிகூட அவளுக்குச் சொந்தமில்லாமல் செய்தான். ஆங்கில மூலத்தில் இந்தக் குற்றச்சாட்டுகள் ஏறக்குறைய எல்லாமே 'அவன்' என்றே தொடங்கும்.

கேட்கிற அமெரிக்க ஆணுக்கு இது சங்கடமான நிலை. இந்த வாக்கிய அமைப்பைச் சிறு வயதிலிருந்து மனப்பாடம் செய்து, அதற்காகப் பெருமைப்பட்டவர் அவர். இதை மறுத்தால் தன் நாட்டின் பிறப்புச் சான்றிதழையே மறுக்க வேண்டும்.

அந்த மாநாட்டிலேயே ஓட்டுரிமைத் தீர்மானத்துக்கு எதிர்ப்பு இருந்ததாமே?

ஆமாம். மற்றத் தீர்மானங்கள் சுலபமாக நிறைவேறின. ஓட்டு கேட்டால் ஊர் சிரிக்கும் என்று லுக்ரேஷியா மாட்கூடத் தயங்கினார். அடிமையாகப் பிறந்து தப்பி வந்து பத்திரிகை நடத்திய ஃபிரெடெரிக் டக்ளஸ் எழுந்து ஆதரித்துப் பேசிய பிறகுதான் தீர்மானம் தப்பியது. 68 பெண்களும் 32 ஆண்களும் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள். அமெரிக்கா முழுவதும் பெண்களுக்கு ஓட்டு வந்த 1920-ல், கையெழுத்திட்ட பெண்களில் உயிரோடு இருந்தவர் ஒரே ஒருவர்.

சோஜர்னர் ட்ரூத்தின் 'நான் பெண் இல்லையா?' பேச்சு உண்மையா?

பேசியது உண்மை. அந்த வரியைச் சொன்னாரா என்பதில்தான் சிக்கல்.

1851 மே மாதம் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நடந்த பெண்ணுரிமை மாநாட்டில், அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற கறுப்பினப் பெண்ணான அவர் பேசினார். அடுத்த மாதமே, கூட்டத்தில் இருந்த மேரியஸ் ராபின்சன் என்ற பத்திரிகையாளர் அந்தப் பேச்சை வெளியிட்டார். அதில் 'நான் பெண் இல்லையா' என்ற வரி இல்லை. 12 ஆண்டுகள் கழித்து 1863-ல், மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய ஃபிரான்சிஸ் கேஜ் எழுதிய வடிவத்தில்தான் அது பல்லவிபோலத் திரும்பத் திரும்ப வருகிறது. கேஜ் அந்தப் பேச்சைத் தென் மாநில அடிமைகளின் கொச்சை மொழியில் எழுதினார். ட்ரூத் பிறந்ததோ நியூயார்க்கில்; அவர் முதலில் பேசிய மொழி டச்சு. கேஜ் வடிவத்தில் அவருக்கு 13 குழந்தைகள். நமக்குத் தெரிந்தவரை அவருக்குப் பிறந்தவர்கள் 5 பேர்.

எனக்கு ராபின்சன் தரும் வடிவம்தான் பிடிக்கும். எந்த ஆணுக்கும் குறையாத தசை எனக்கும் உண்டு. உழுதிருக்கிறேன், அறுத்திருக்கிறேன், மரம் வெட்டியிருக்கிறேன், இதற்கு மேல் ஒரு ஆண் என்ன செய்துவிட முடியும் என்று கேட்கிறார். அறிவைப் பற்றிச் சொல்லும்போது, பெண்ணிடம் இருப்பது ஒரு சின்னப் படி, ஆணிடம் இருப்பது பெரிய படி என்றே வைத்துக்கொள்ளுங்கள், அவளுடைய சின்னப் படியை நிறைத்துக்கொள்ள ஏன் விடக்கூடாது என்கிறார். எதிராளி சொல்வதை ஒரு நிமிடம் ஒப்புக்கொண்டு, அதிலிருந்தே அவரை மடக்கும் வழி இது. எழுதப் படிக்கத் தெரியாதவர் அவர். அந்தப் பேச்சுக்கு யாரும் அலங்காரம் சேர்க்கத் தேவையே இல்லை.

சூசன் பி. ஆன்டனி ஓட்டுப் போட்டதற்காகக் கைதானது எப்படி?

1872 நவம்பர் 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில், அமெரிக்க ஓட்டுரிமை இயக்கத் தலைவர்களில் ஒருவரான அவர் ஓட்டுப் போட்டார். அவர் வார்டிலேயே வேறு 14 பெண்களும் போட்டார்கள். சட்டவிரோதமாக ஓட்டுப் போட்டதாக வழக்கு வந்தது. விசாரணைக்கு முன் அந்த மாவட்டத்தின் 29 ஊர்களிலும் போய்ப் பேசினார். ஜூரியாக வரப்போகிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தானே. அரசுத் தரப்பு வழக்கைப் பக்கத்து மாவட்டத்துக்கு மாற்றியது. அவர் அங்கேயும் போய் 21 இடங்களில் பேசினார்.

அந்தப் பேச்சில் இரண்டு வாதங்கள் அசைக்க முடியாதவை. முதலாவது, அரசியல் சாசனத்தின் முகப்பு 'மக்களாகிய நாம்' என்று தொடங்குகிறது, 'வெள்ளை ஆண் குடிமக்களாகிய நாம்' என்றல்ல. இரண்டாவது, சட்டத்தில் வரும் 'அவன்' என்ற சொல். ஓட்டுச் சட்டத்தில் 'அவன்' என்றிருப்பதால் பெண்ணுக்கு ஓட்டு இல்லை என்றால், வரிச் சட்டத்திலும் தண்டனைச் சட்டத்திலும் அதே 'அவன்'தானே இருக்கிறது? அப்படியானால் பெண்ணிடம் வரி கேட்காதீர்கள், பெண்ணைத் தண்டிக்காதீர்கள். இரண்டில் எதைச் சொன்னாலும் எதிர்த்தரப்புக்கு இடிதான்.

1873 ஜூனில் விசாரணை நடந்தது. பெண் என்பதால் அவரைச் சாட்சி சொல்ல விடவில்லை. நீதிபதி வார்டு ஹன்ட் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த முடிவைப் படித்து, குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லும்படி ஜூரிக்கு உத்தரவே போட்டுவிட்டார். பிறகு வழக்கப்படி, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். சொல்ல நிறைய இருக்கிறது என்று ஆன்டனி ஆரம்பித்தார். உட்காரச் சொன்னார் நீதிபதி. அவர் பேசினார். மறுபடி உட்காரச் சொன்னார். மறுபடி பேசினார். தன்னை விசாரித்தவர்கள் எல்லோரும் ஆண்கள், ஆண்கள் செய்த சட்டம், ஆண்கள் தரும் விளக்கம், இதில் எனக்குச் சமமானவர் ஒருவர்கூட இல்லை என்றார். 100 டாலர் அபராதம் விதித்தபோது, ஒரு டாலர்கூடக் கட்ட மாட்டேன் என்றார். கட்டவும் இல்லை. கட்டாததற்காகச் சிறையில் போடவும் நீதிபதி உத்தரவிடவில்லை. போட்டிருந்தால் அதை வைத்து உச்ச நீதிமன்றம் போக வழி இருந்திருக்கும். அந்தக் கதவையும் சாத்தினார்கள்.

1875-ல் வேறொரு பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம், பெண்கள் குடிமக்கள்தான், ஆனால் குடியுரிமை என்றாலே ஓட்டுரிமை என்று ஆகாது என்றது.

ஒரு சொல்லுக்காக இவ்வளவு சண்டையா?

ஆம், சொல்லுக்காகத்தான். 1867-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஜான் ஸ்டூவர்ட் மில், தேர்தல் சீர்திருத்த மசோதாவில் 'ஆண்' என்றிருந்ததை 'நபர்' என்று மாற்றச் சொன்னார். 73 பேர் ஆதரவு, 196 பேர் எதிர்ப்பு. கனடாவில் பெண்கள் செனட்டுக்குத் தகுதியான 'நபர்கள்' தானா என்ற வழக்கு 1929 வரை போய், நபர்கள்தான் என்று அன்றைக்குக் கனடாவுக்கும் மேல் நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் சொன்ன பிறகே முடிந்தது.

கறுப்பினப் பெண்களை இந்த இயக்கம் ஒதுக்கியது என்கிறார்களே?

ஒதுக்கியது. இதை மூடி மறைத்து அந்தத் தலைவர்களைப் புகழ்வது நியாயமில்லை. உள்நாட்டுப் போருக்குப் பிறகு கறுப்பின ஆண்களுக்கு ஓட்டுத் தரும் 15-ஆவது திருத்தம் வந்தபோது, பெண்களை விட்டுவிட்டார்கள் என்ற கோபத்தில் ஸ்டான்டன் இனவெறி கலந்த பேச்சில் இறங்கினார். செனிகா ஃபால்ஸில் அவ்வளவு அழகாக எழுதிய அதே கைதான். 1869-ல் இயக்கம் இரண்டாக உடைந்தது.

அதற்கு 3 ஆண்டுகள் முன்னதாகவே ஃபிரான்சிஸ் எலன் வாட்கின்ஸ் ஹார்ப்பர் எச்சரித்திருந்தார். 1866-ல் நியூயார்க் மாநாட்டில் பேசிய கறுப்பினக் கவிஞர் இவர். கணவர் கடன் வைத்துவிட்டு இறந்ததும், மூன்று மாதத்துக்குள் அதிகாரி வந்து பால் பானைகளையும் துணி துவைக்கும் தொட்டிகளையும்கூட வாரிக்கொண்டு போனதைச் சொன்னார். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைத்தான் விட்டுவைத்தார்களாம். நான் செத்து அவர் இருந்திருந்தால் இப்படி நடந்திருக்குமா என்று கேட்டார். அதுவரை அரங்கிலிருந்த எல்லாப் பெண்களும் தலையாட்டியிருப்பார்கள். அடுத்து அவர்கள் பக்கமே திரும்பினார்: வெள்ளைப் பெண்களாகிய நீங்கள் இங்கே உரிமைகளைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் அநீதிகளைப் பற்றிப் பேசுகிறேன். நாம் எல்லோரும் ஒரே மூட்டையில் கட்டப்பட்டவர்கள் என்றும் சொன்னார். அந்த மேடைகளில் பேசப்பட்டவற்றில் இதைவிட நேர்மையான பேச்சை நான் படித்ததில்லை.

1913 மார்ச்சில் வாஷிங்டனில் நடந்த பேரணியில் கறுப்பினப் பெண்களைப் பின்னால் வரச் சொன்னபோது, கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் மறுத்து, தன் இல்லினாய் மாநில அணியோடு நடந்தார்.

எதிர்த்தவர்களின் வாதம் என்ன? அதற்கு எப்படிப் பதில் சொன்னார்கள்?

பெண்ணின் இடம் வீடு, அரசியல் சாக்கடை அவளைக் கெடுக்கும், கணவன் போடும் ஓட்டே அவளுக்கும் சேர்த்துத்தான் என்பவை திரும்பத் திரும்ப வந்தவை. எதிர்த்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். 1908-ல் பிரிட்டனில் ஓட்டுரிமைக்கு எதிராகவே பெண்கள் சங்கம் அமைத்தார்கள்.

பதில்கள் இரண்டு வழியில் போயின. ஒன்று நீதி வழி: நாங்களும் மனிதர்கள், அதனால் கொடுங்கள். இன்னொன்று பயன் வழி: நாங்கள் தாய்மார்கள், பாலும் குடிநீரும் பள்ளியும் சாராயக்கடையும் எங்கள் வீட்டு விஷயம், அதை நாங்கள் கவனித்தால் நாட்டுக்கு நல்லது. இரண்டாவது வழி அதிக ஓட்டு வாங்கித் தந்தது. அது எதிரியின் 'வீடு' என்ற சொல்லையே எடுத்து, வீட்டின் எல்லையை ஊர்வரை நீட்டியது. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. நல்ல தாய் என்பதால் உரிமை கேட்டால், தாயாக இல்லாதவள் எதைச் சொல்லிக் கேட்பாள்? முதல் வழி மெதுவாகப் போனாலும் அதுதான் சரி என்பது என் கருத்து.

நியூசிலாந்துக்கு முதலில் கிடைத்தது எப்படி?

மனுக்களால். கேட் ஷெப்பர்டும் மதுவிலக்குச் சங்கப் பெண்களும் ஊர் ஊராக, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். 1893-ல் அது ஏறக்குறைய 32,000 கையெழுத்துகளை எட்டியது. முதன்மை மனுவின் 546 தாள்களையும் ஒன்றோடொன்று ஒட்டினார் ஷெப்பர்ட். 270 மீட்டருக்கு மேல் நீளம். துடைப்பக் கட்டை ஒன்றில் சுருட்டி அனுப்பினார். ஆதரவாளரான ஜான் ஹால் அதை நாடாளுமன்றத்தின் நடுவே உருட்டிவிட்டார். அது அறையின் மறுகோடிவரை போய் மோதி நின்றது. ஒரு வார்த்தைகூடப் பேசாத சிறந்த பேச்சு. செப்டம்பர் 19 அன்று சட்டமானது. மாவோரி மக்களின் தனி நாடாளுமன்றத்தில் மேரி தே தாய் மங்ககாஹியா என்ற பெண் எழுந்து, ஓட்டு மட்டுமல்ல, உறுப்பினராகும் உரிமையும் வேண்டும் என்று கேட்டதும் அதே ஆண்டுதான்.

சஃப்ரஜிஸ்ட், சஃப்ரஜெட் – என்ன வித்தியாசம்?

ஓட்டுரிமை கேட்ட எல்லோரும் சஃப்ரஜிஸ்ட். பிரிட்டனில் சட்டத்தை மீறிப் போராடியவர்களைக் கேலி செய்ய 1906-ல் 'டெய்லி மெயில்' பத்திரிகை சூட்டிய பெயர் சஃப்ரஜெட். அவர்கள் அதையே தங்கள் பெயராக எடுத்துக்கொண்டார்கள்.

எம்மலின் பாங்கர்ஸ்ட் வன்முறையை நியாயப்படுத்தினாரா?

நியாயப்படுத்தினார், ஒளிக்காமல். சஃப்ரஜெட்டுகளின் தலைவரான அவர் 1903-ல் மான்செஸ்டரில் தொடங்கிய அமைப்பின் முழக்கமே 'சொல்லல்ல, செயல்' என்பது. ஜன்னல்களை உடைத்தார்கள், ஆளில்லாத கட்டடங்களுக்குத் தீ வைத்தார்கள். சிறையில் உண்ணாவிரதம் இருந்தவர்களுக்குக் குழாய் செருகி உணவு ஊற்றினார்கள். 1913-ல் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது: உண்ணாவிரதத்தால் நலிந்தவரை விட்டுவிடுவது, தேறியதும் மறுபடி பிடிப்பது. மக்கள் அதைப் 'பூனை எலிச் சட்டம்' என்றார்கள்.

அப்படி விட்டுப் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் 1913 நவம்பரில் அவர் அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்டில் பேசினார். போர்க்களத்திலிருந்து சற்று விலகி வந்திருக்கும் சிப்பாய் நான் என்று ஆரம்பித்தார். பிறகு இரண்டு குழந்தைகளின் கதை. இரண்டுக்கும் பசி. ஒன்று அம்மா வரும்வரை பொறுமையாக இருக்கிறது. மற்றது கத்தி, உதைத்து, வீட்டில் யாரையும் நிம்மதியாக இருக்க விடாமல் செய்கிறது. எந்தக் குழந்தைக்கு முதலில் பால் கிடைக்கும் என்று நமக்குத் தெரியும். அரசியல் வரலாறு முழுக்க இவ்வளவுதான் என்றார். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று நாம் சொல்வதும் இதைத்தானே!

அமைதி வழியில் நின்ற மில்லிசென்ட் ஃபாசெட்டின் அமைப்பில் உறுப்பினர்கள் பல மடங்கு அதிகம். எந்த வழியால் 1918-ல் சட்டம் வந்தது என்று இன்றும் வாதிடுகிறார்கள். எனக்குத் தோன்றுவது, ஒருவர் கத்தியதால்தான் மற்றவர் மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. அந்தச் சட்டமும் 30 வயதுக்கு மேற்பட்ட, சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்குத்தான். ஆணுக்குச் சமமாக 21 வயதில் ஓட்டு வந்தது 1928-ல்.

பேசாமல் நின்றும் போராடினார்களா?

1917 ஜனவரி 10 முதல் ஆலிஸ் பால் என்பவரின் ஓட்டுரிமை அமைப்பைச் சேர்ந்த பெண்கள் வெள்ளை மாளிகை வாசலில் பதாகை பிடித்து வாய் திறக்காமல் நின்றார்கள். ஏப்ரலில் அமெரிக்கா உலகப் போரில் இறங்கியபோது அதிபர் வில்சன், அதிகாரத்துக்குக் கட்டுப்படுகிறவர்களுக்குத் தங்கள் ஆட்சியில் குரல் வேண்டும், அதற்காகத்தான் போராடுகிறோம் என்ற பொருள்பட முழங்கினார். பெண்கள் அந்த வாசகத்தையே பதாகையில் எழுதி அவர் வாசலில் பிடித்தார்கள். அதிபரின் சொற்களையே ஏந்தியவர்களைக் கைது செய்ய வேண்டிய நிலை. போக்குவரத்துக்கு இடையூறு என்று வழக்குப் போட்டார்கள். அடுத்த ஆண்டு வில்சனே செனட்டுக்கு வந்து, பெண்களுக்கு ஓட்டுரிமை தரும் அரசியல் சாசனத் திருத்தத்துக்கு ஆதரவு கேட்டார்.

கடைசியில் 1920 ஆகஸ்ட் 18 அன்று, அந்தத் திருத்தத்தை ஏற்பதா என்று முடிவு செய்த டென்னசி மாநிலச் சட்டமன்றத்தில், எதிரணியின் சிவப்பு ரோஜாவைச் சட்டையில் குத்தியிருந்த 24 வயது உறுப்பினர் ஹாரி பர்ன் மாற்றி ஓட்டளித்தார். அவர் பையில் அம்மாவின் கடிதம் இருந்தது. நல்ல பிள்ளையாக இருந்து பெண்கள் ஓட்டுரிமைக்கு ஆதரவாக ஓட்டுப் போடு என்று எழுதியிருந்தார்.

இந்தியாவில் இந்தப் பேச்சு எங்கே தொடங்கியது?

அமைப்பாகக் கேட்டது சென்னையில். 1917 மே மாதம் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் உருவானது. அந்த டிசம்பரில் இந்திய விவகார அமைச்சர் மான்டேகு சென்னை வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் தூதுக்குழு அவரைச் சந்தித்தது. ஏற்பாடு செய்தவர் அயர்லாந்தில் ஓட்டுரிமைக்காகச் சிறை போன மார்கரெட் கசின்ஸ். அவர்கள் கேட்ட வாசகம் கவனிக்க வேண்டியது: பிரதிநிதித்துவ விதிகளை எழுதும்போது எங்கள் பாலினத்தைத் தகுதியின்மையாக ஆக்காதீர்கள். 'ஓட்டுக் கொடுங்கள்' என்று இல்லை, 'தடுக்காதீர்கள்' என்று.

அடுத்த ஆண்டு பம்பாய் காங்கிரஸ் சிறப்பு மாநாட்டில் நாயுடு பேசியபோது, ஆண்களின் இடத்தைப் பிடிக்க வரவில்லை, ஆணுக்கும் பெண்ணுக்கும் வழிகள் வேறு என்று அமைதிப்படுத்தித்தான் கேட்டார். இன்று படிக்கும்போது எனக்கு அது கொஞ்சம் நெருடுகிறது. ஆனால் அரங்கு நிறைய ஆண்கள். அவர்கள் கை தூக்க வேண்டும். தீர்மானம் நிறைவேறியது. யாருக்கு ஓட்டு என்று ஆராய பிரிட்டிஷ் அரசு அமைத்த சவுத்பரோ குழுவோ இந்தியச் சமூகம் இதற்குத் தயாரில்லை என்று மறுத்தது. ஹீராபாய் டாட்டாவும் மகள் மிதனும் லண்டன் போய் வாதாடினார்கள். 1919 இந்திய அரசுச் சட்டம், மாகாணங்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்று கைகழுவியது. 1921 ஏப்ரலில் அதை முதலில் செய்த பிரிட்டிஷ் இந்திய மாகாணம் சென்னை. சொத்துத் தகுதி இருந்ததால் ஓட்டுப் பெற்றவர்கள் மிகச் சிலர்தான்.

1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் ஹன்சா மேத்தா பேசியதை நாயுடுவின் பேச்சோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாங்கள் சலுகை கேட்டதில்லை. சமூக நீதி, பொருளாதார நீதி, அரசியல் நீதி கேட்டோம் என்றார். 28 ஆண்டுகளில் குரல் எவ்வளவு நிமிர்ந்திருக்கிறது!

இலங்கையில்?

1931-ல், 21 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலருக்கும் ஓட்டு வந்தது. அதற்கு முன், இலங்கையின் ஆட்சிமுறையைச் சீர்திருத்த பிரிட்டன் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு முன் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் சார்பில் ஆக்னஸ் டி சில்வா சாட்சியம் அளித்தார். தோட்டத்தில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் ஓட்டு வேண்டுமா என்று கேட்டார்கள். நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே என்றார்.

சட்டம் வந்த பிறகு பேச்சுக்கு வேலை முடிந்ததா?

முடியவில்லை. 1920-க்குப் பிறகும் அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பினப் பெண்களை ஓட்டுப் பதிவு செய்ய விடவில்லை. மிசிசிப்பியில் பருத்தித் தோட்டத்தில் உழைத்த ஃபேனி லூ ஹேமர் 1962-ல் பதிவு செய்யப் போனார். அன்றே தோட்டத்தை விட்டு வெளியேற்றினார்கள். அடுத்த ஆண்டு சிறையில் அடித்தார்கள். 1964 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக் குழுவின் முன் இதையெல்லாம் அவர் சொல்லும்போது, தொலைக்காட்சி அதைக் காட்டக்கூடாது என்று அதிபர் ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர் கூட்டம் வைத்தார். அன்றிரவே செய்தி நிறுவனங்கள் அந்தப் பேச்சை ஒளிபரப்பின. 1965-ல் வாக்குரிமைச் சட்டம் வந்தது.

இந்தியாவில் முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, வட மாநிலங்களில் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் அம்மா என்றே பதிவானது. சொந்தப் பெயர் வேண்டும் என்று தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன.

இந்தப் பேச்சுகளை எதிலிருந்து படிக்க ஆரம்பிக்கலாம்?

ஆன்டனியின் நீதிமன்ற உரையாடலிலிருந்து. சின்னதுதான், பத்து நிமிடம் போதும். இரண்டு பேராகச் சேர்ந்து வாய்விட்டுப் படியுங்கள். ஒருவர் நீதிபதி, ஒருவர் ஆன்டனி. அப்புறம் ஹார்ப்பரின் 1866 பேச்சு. அதற்குப் பிறகு பாங்கர்ஸ்ட், ஹன்சா மேத்தா என்று போகலாம்.